சார்ட்டக்கா போகாத மாநாடு

பேருந்துப் பணிமனையில் அவளுக்குப் பெயர் சார்ட்டக்கா. நூற்றுப் பன்னிரண்டு பேருந்துகள், முந்நூற்று நாற்பது ஓட்டுநர்கள். யார் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது, எத்தனை மணிக்கு விடுவது, யாருக்கு ஓய்வு, யாருக்கு விடுப்பு என்று டூட்டி சார்ட் போடுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாகப் போடுகிறாள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதலில் பென்சிலால் துண்டுக் காகிதங்களில் எழுதி, மேசையில் பரப்பி, சீட்டு விளையாடுகிறவள் மாதிரி நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டருக்கே தகவல் சொல்வாள்.

அவளுக்கு இன்னொரு முகம் உண்டு. அது பணிமனையில் யாருக்கும் தெரியாது. பத்தொன்பது வயதில் ஒரு பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த ஒரு விஞ்ஞானக் கதை கையில் சிக்கியது. தலைமுறை தலைமுறையாக ஒரே கப்பலில் விண்வெளியில் போய்க்கொண்டே இருக்கும் மனிதர்களின் கதை. எழுதியவர் ஒரு பெண்மணி. அன்றிலிருந்து அந்த அம்மாள் எழுதிய ஒன்றையும் அவள் விட்டதில்லை. மற்றவர்கள் எழுதியதும் வண்டி வண்டியாக உள்ளே போனது. ஆனால் படித்ததைப் பேச ஓர் ஆள் கிடையாது. கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், தங்கமான மனிதர். ஒரு நாள் அவரிடம் நாற்பது நிமிஷம் ஒரு கதையைச் சொல்லி முடித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கிரகத்துல யாராவது காலையில எந்திரிச்சு வேலைக்குப் போறாங்களா, இல்ல எல்லாரும் உலகத்தைக் காப்பாத்திட்டே இருக்காங்களா?" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அப்படி இருக்கையில்தான் கடல்கள் தாண்டி எங்கோ நடக்கிற ஓர் அறிவியல் புனைகதை மாநாட்டில் தொலைவிலிருந்தும் உறுப்பினராகச் சேரலாம் என்ற அறிவிப்பு கண்ணில் பட்டது. சிறப்பு விருந்தினர் யார் என்று பார்த்தாள். அதே அம்மாள். எழுபத்தெட்டு வயதாகிவிட்டதாம், சக்கர நாற்காலியில் வருவாராம். அவள் உடனே பெயரைப் பதிந்துவிட்டாள். மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்க்கலாம், அவ்வளவுதான் எண்ணம்.

இரண்டு மாதம் கழித்து உறுப்பினர்கள் எல்லோருக்கும் நிகழ்ச்சி நிரலின் முதல் வடிவம் வந்தது. பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று மரியாதைக்கு ஒரு வரி. பணிமனையில் சாப்பாட்டு வேளையில் அதைத் திறந்தவள் சாப்பாட்டை மறந்தாள். ஓர் எழுத்தாளரைப் பதினொரு மணிக்கு இரண்டாம் அறையிலும் போட்டிருந்தார்கள், அதே பதினொரு மணிக்கு ஐந்தாம் அறையிலும் போட்டிருந்தார்கள். அவர் விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்தான், அதற்காக இப்படியா? இன்னொருவருக்குக் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை மூச்சுவிட இடைவெளி இல்லை. சிறப்பு விருந்தினர் அம்மாளை ஒரு நாளில் நான்கு அறைகளுக்கு உருட்டிக்கொண்டு போகத் திட்டம். ஒரே ஓட்டுநரை இரண்டு வண்டியில் போட்டால் பணிமனையில் அன்றைக்கே மானம் போய்விடும். அவளுக்குக் கை பரபரத்தது.

அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் பணிமனைச் சுற்றறிக்கை ஆங்கிலம். 'இதனால் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுவது யாதெனில்' என்று தொடங்கி இருபத்து மூன்று பிழைகளை எண் போட்டு எழுதி, 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என எதிர்பார்க்கப்படுகிறது' என்று முடித்து அனுப்பினாள். ஒன்பதாவது நிமிஷம் பதில் வந்தது.

'நீங்கள் யார்? தயவுசெய்து எங்கும் போய்விடாதீர்கள்.'

எழுதியவர் நிகழ்ச்சிக் குழுத் தலைவர். அங்கே எல்லோரும் சம்பளமில்லாமல் செய்கிறவர்கள்; அவருக்கு ஊரில் தொழில் மாட்டு வைத்தியம். வீடியோவில் முதன்முறை பேசியபோது ரப்பர் பூட்ஸோடு ஒரு தொழுவத்திலிருந்துதான் பேசினார். "நீங்க ரொம்பக் கண்டிப்பான அதிகாரின்னு நினைச்சு பயந்துட்டேன்" என்றார். பின்னால் ஒரு மாடு அதை ஆமோதித்தது. அவள் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு அவர் மாட்டு டாக்டர்.

"சரி, ஐந்தாம் அறையிலருந்து பெரிய அரங்குக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அவள் கேட்டாள்.

மாட்டு டாக்டர் விழித்தார். "பக்கம்தான்."

"பக்கம்னா? எத்தனை நிமிஷம்? சக்கர நாற்காலியில போனா எத்தனை நிமிஷம்?"

இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லையாம். அடுத்த ஞாயிறு அந்த மனிதர் ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கிக்கொண்டு மாநாட்டுக் கட்டடத்துக்குப் போனார். தானே அதில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டு அறை அறையாகச் சுற்றினார். லிஃப்ட் வாசலில் ஒரு கம்பளத்தில் சக்கரம் மாட்டிக்கொண்டு காவலாளி வந்து தள்ள வேண்டியதாயிற்று. ஐந்தாம் அறையிலிருந்து பெரிய அரங்குக்குப் பதினொரு நிமிஷம். நேரங்கள் எல்லாம் வந்து சேர்ந்ததும் சார்ட்டக்கா சாப்பாட்டு மேசையில் துண்டுக் காகிதங்களைப் பரப்பினாள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நடுவில் பதினைந்து நிமிஷம். யாருக்கும் தொடர்ச்சியாக இரண்டுக்கு மேல் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் எவரையும் தொடக்கூடாது. இப்படிப் போட்டதில் பத்து நிகழ்ச்சிகள் கீழே விழுந்தன.

குழுவில் ஒரே ரகளை. எல்லோரும் திரையில் கூடியிருந்த ஒரு நாள், பதினெட்டு வருஷமாக மாநாடு நடத்தும் நூலகர் அம்மாள் ஒருவர், தன் மைக் திறந்திருப்பது தெரியாமல் பக்கத்திலிருந்த யாரிடமோ சொன்னார்: "மாநாட்டு வாசப்படியையே மிதிக்காத ஒருத்தர் நமக்கு நிரல் போட்டுத் தர்றாங்களாம்!"

எல்லோர் காதிலும் விழுந்தது. மாட்டு டாக்டர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். சார்ட்டக்காவுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் வாய் அவளைக் கேட்காமல் பேசிவிட்டது.

"நான் பஸ்ஸும் ஓட்டினது இல்லைங்க. ஆனா பத்தொன்பது வருஷத்துல டிரைவர் இல்லாம எந்த வண்டியும் நின்னதில்ல."

மாட்டு டாக்டர் முகத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு நூலகர் அம்மாள், "மைக்கை மூடாதது என் தப்பு. சொன்னதும் தப்புதான்" என்றார். அவள் நிரல் அப்படியே நிறைவேறியது.

மாநாடு வெள்ளிக்கிழமை தொடங்கியது. அவர்கள் கடிகாரம் இங்குள்ளதைவிட நாலு மணி நேரம் முன்னால் ஓடுவது. முதல் நாள் ஒரு நிகழ்ச்சிகூடத் தாமதமில்லை. 'வரலாற்றில் முதல்முறை' என்று மாட்டு டாக்டர் செய்தி அனுப்பினார். அன்று மாலைதான் கணவரின் அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், பெட்டியோடு வந்து இறங்கினார். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அறுபது கட்டில் கொண்ட வார்டை ஒற்றைப் புருவத்தால் ஆள்கிறவர். எதைக் கேட்க வந்தாரோ அதை வாசலிலேயே தம்பியிடம் கேட்டுவிட்டார்: "ஏன்டா, உன் பொண்டாட்டி எந்நேரமும் யாரோ வெளிநாட்டுக்காரங்களோட பேசிட்டு இருக்காளாமே, என்ன விஷயம்?"

"பறக்கும் தட்டு விஷயம், அக்கா" என்றார் அவர். இதனால் பயன் ஒன்றும் விளையவில்லை.

மறுநாள் சனிக்கிழமை அவளுக்கு வார ஓய்வு. காலை ஆறேகாலுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாட்டு டாக்டர். பின்னால் மணிச் சத்தம், ஓட்டம், கூச்சல்.

"இரண்டாம் மாடி போச்சு" என்றார். தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய், தீயே இல்லாமல் தெளித்துத் தள்ளிவிட்டது. ஐந்து அறைகளும் குளம். யாருக்கும் அடியில்லை. ஆனால் இன்று முழுக்க அந்த மாடியைத் திறக்க முடியாது. முப்பத்தொரு நிகழ்ச்சிகள் நடுத்தெருவில். "பதினொரு மணிக்கு அடுத்த சுற்று. முக்கால் மணி நேரம் இருக்கு. நான் மாட்டைப் பார்க்கவே போயிருக்கலாம்."

அவள் வாய் நிறைய நுரையோடு, "வெக்காதீங்க, லைன்ல இருங்க" என்றாள். வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடிவந்து சாப்பாட்டு மேசையைக் காலி செய்தாள். நாத்தனார் கையில் காபித் தம்ளரோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"மாநாட்டுல அஞ்சு ரூம் தண்ணியில போச்சு அண்ணி. முப்பத்தொண்ணு நிகழ்ச்சி. வைக்க இடமில்ல."

நாத்தனார் தம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஏதோ ஒரு விளக்கு எரிந்தது. "வார்டு நிறைஞ்சு போச்சுன்னு சொல்லு. முதல்ல மூணாப் பிரி. இன்னைக்கே பார்த்தாகணும், நாளைக்கு வரைக்கும் தாங்கும், டிஸ்சார்ஜ். டேய் தம்பி, நீ எழுது. உன் கையெழுத்துதான் பொடியா இருக்கும்."

கண்ணாடிக்கடைக்காரர் லுங்கியோடு வந்து உட்கார்ந்து துண்டுக் காகிதம் கிழிக்க ஆரம்பித்தார். சார்ட்டக்கா ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"விண்வெளியில் தோட்டக்கலை."

"அவசரமா?" என்றார் நாத்தனார்.

"பேச வேண்டியவருக்கே காய்ச்சலாம்."

"டிஸ்சார்ஜ். அடுத்து?"

"வேற்றுக்கிரக மொழிகளுக்கு இலக்கணம் எழுதுவது எப்படி."

"அது எவ்வளவு நாளா இருக்கு?"

"எது அண்ணி?"

"அந்த மொழி."

"இல்லாத மொழி அண்ணி."

"அப்போ நாளைக்குத் தாங்கும்."

பத்து நிமிஷத்தில் முப்பத்தொன்று பத்தொன்பதாகச் சுருங்கியது. ஆனால் அந்தப் பத்தொன்பதை எங்கே வைப்பது? "இடமில்லேன்னா நாங்க வராந்தாவுல கட்டில் போடுவோம்" என்றார் நாத்தனார். மாநாட்டுக் கட்டடத்தில் வாசல் முகப்புக்கூடம் ஒன்று இருந்தது, கூரையுள்ள பெரிய இடம். அதில் ஒரு நேரத்துக்கு ஒன்று வைக்கலாம். மீதி?

"டாக்டர், ஹோட்டல்லருந்து ஆளுங்களைக் கூட்டிட்டு வர்ற பஸ் இப்போ எங்க நிக்குது?" என்று சார்ட்டக்கா போனில் கேட்டாள்.

"பின்னாடி மைதானத்துல. ஆறு வண்டி. சாயங்காலம் வரைக்கும் சும்மாதான் நிக்கும்."

"எத்தனை சீட்டு?"

"நாற்பத்தஞ்சு இருக்கும்."

"மைக் இருக்குமே? சுற்றுலா வண்டிதானே?"

 பதிலுக்கு மாட்டு டாக்டர் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. மூச்சிரைக்க அவர் போய் நின்ற இடத்தில் ஓட்டுநர்களின் தலைவர் போனை வாங்கித் திரையில் எட்டிப் பார்த்தார். பெரிய மீசை, சந்தேகக் கண்.

"வண்டியில கூட்டமா? அதெல்லாம் நடக்காது. என் ஆளுங்க ரெஸ்ட்டுல இருக்காங்க."

"உங்க ஆளுங்க யாரும் சீட்டுல உட்கார வேண்டாம். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். என்ஜின் போட வேண்டாம், ஜன்னலைத் திறந்தா போதும். உங்க முதல் டிரிப் நாலு மணிக்கா?"

"நாலு."

"மூணே காலுக்கு அஞ்சு வண்டியையும் காலி பண்ணிப் பெருக்கிக் கொடுத்துடுவோம்னு எழுத்துல தர்றேன். பன்னெண்டரைலருந்து ஒன்றரை வரைக்கும் உங்க ஆளுங்க சாப்பாடு, அப்போ எந்த வண்டியிலயும் நிகழ்ச்சி கிடையாது. ஆறாவது வண்டியைத் தொட மாட்டோம். அது ஸ்பேர்."

மீசைக்காரர் திரைக்கு இன்னும் பக்கத்தில் வந்தார். "நீங்க எந்த டிப்போ?"

"ரொம்ப தூரம். பத்தொன்பது வருஷமா சார்ட் போடறேன்."

"அட, அதை முதல்லயே சொல்லக்கூடாதா!" என்றார் அவர். சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது.

புதிய அட்டவணையை ஆறு ஐம்பதுக்கு அனுப்பினாள். அங்கே பத்து ஐம்பது. நாற்காலியில் சாய்ந்து, அன்றைக்கு முதல்முறையாக மூச்சு விட்டாள். நாத்தனார் மேசையில் இருந்த காகிதங்களைக் கடைசியாக ஒருமுறை பார்வையிட்டுக்கொண்டிருந்தார், வார்டில் சுற்று வருவது போல. ஒன்றில் விரல் நின்றது.

"ஏம்மா, இந்த அம்மா நடக்க முடியாதவங்கன்னு நேத்து சொன்னியே. பஸ் படி எப்படி ஏறுவாங்க?"

சார்ட்டக்கா அந்தக் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். மூன்றாம் வண்டி, பதினொரு மணி, சிறப்பு விருந்தினர் அம்மாள். யாருக்காகப் பதினொரு நிமிஷத்தை அளக்கச் சொன்னாளோ, அவரையே படியேறச் சொல்லியிருக்கிறாள். முப்பது வருஷமாகப் படித்து என்ன புண்ணியம்! கண்ணில் நீர் முட்டியது.

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம்" என்றார் நாத்தனார். "வராந்தாவுல யாரு?"

"ரோபோக்களுக்குச் சம்பளம் தரலாமா, விவாதம். நாலு பேர்."

"நாலு பேருக்கும் கால் நல்லா இருக்கா?"

இருந்தது. ரோபோக்காரர்கள் மூன்றாம் வண்டிக்கும், அம்மாள் முகப்புக்கூடத்துக்கும் மாறினார்கள். திருத்தம் போய்ச் சேர்ந்தபோது அம்மாளின் நாற்காலி மைதானத்தை நோக்கிப் பாதி வழி போயிருந்ததாம். நூலகர் அம்மாள் பின்னாலேயே ஓடிப் போய்த் திருப்பிக்கொண்டு வந்தார்.

பதினொன்று அடித்துச் சில நிமிஷத்தில் படங்கள் வர ஆரம்பித்தன. பேருந்துக்குள் இருக்கைகளுக்கு நடுவே முட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நின்று மைக்கில் பேசும் ஒரு விண்வெளி ஆராய்ச்சியாளர். ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே கேள்வி கேட்கும் கூட்டம். நீண்ட விண்பயணங்களைப் பற்றிய பேச்சு நடந்த வண்டியில், முடிந்த பிறகும் யாரும் இறங்க மறுத்துவிட்டார்களாம். மீசைக்காரர் தன் ஓய்வை விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அத்தனை நாள் ஓடும் வண்டிக்கு மாற்று ஓட்டுநர் எத்தனை பேர் என்று கேட்டாராம். அறிஞர்கள் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டார்களாம். மூணே காலுக்கு ஐந்து வண்டிகளும் பெருக்கிக் கொடுக்கப்பட்டன.

மறுநாள் ஞாயிறு அவளுக்கு டூட்டி. பணிமனைக் கவுன்டரில் ஓட்டுநர்கள் வரிசையாக நின்று டூட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணி சுமாருக்கு போன் வந்தது. மாட்டு டாக்டர் என்று நினைத்து எடுத்தாள். திரையில் வெள்ளை முடி, ஒடுங்கிய முகம், குறும்பான கண்கள். புத்தகங்களின் பின்னட்டையில் முப்பது வருஷமாகப் பார்த்த முகம்.

"எனக்கு ரெண்டு நிகழ்ச்சிக்கு நடுவுல நாற்பது நிமிஷம் விட்டது நீங்கதானா?" என்றார் அந்த அம்மாள். "இருபது வருஷமா மாநாட்டுக்கு வர்றேன். இந்தத் தடவைதான் உட்கார்ந்து, மென்னு சாப்பிட்டேன்."

சொல்ல எவ்வளவோ இருந்தது. அட்டை கிழிந்த அந்த முதல் புத்தகம், பிரசவ ஆஸ்பத்திரியில் படித்த இரண்டாவது, மூன்றாவதின் கடைசிப் பக்கத்தைப் பேருந்தில் முடித்துவிட்டு நிறுத்தம் தவறி எங்கோ போய் இறங்கியது.   கடைசியில் வாயில் வந்தது இதுதான்:

"மூணு நாற்பதுக்கு நீங்க பெரிய அரங்குல இருக்கணும்."

அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "இருப்பேன். சத்தியமா இருப்பேன்."

போனை வைத்த பிறகும் சார்ட்டக்கா கையில் பேனாவோடு அப்படியே நின்றாள். வரிசையில் முதலில் நின்ற ஓட்டுநர், "அக்கா, எனக்குச் சீட்டு?" என்று மெதுவாகக் கேட்டார். "யாருக்கா அது? சொந்தக்காரங்களா?"

"ஆமா" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டோமே என்று பிறகுதான் உறைத்தது. திருத்தத் தோன்றவில்லை.

நிறைவு விழாவில் அவளைப் பெரிய திரையில் காட்டினார்கள். இரண்டாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் பின்னால் டீசல் கேனும் வருகைப் பதிவேடும் தெரிந்தன. என்ன நடக்கிறதென்று புரியாமலே கவுன்டருக்கு வெளியே நின்ற ஓட்டுநர்களும் சேர்ந்து தட்டினார்கள். நூலகர் அம்மாள் மைக்கை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்த வருஷ நிரலும் இவர்தான் போடுவார் என்று அறிவித்தார். அவளிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

நாத்தனார் அன்று மாலை ஊருக்குக் கிளம்பினார். கிளம்பும்போது அலமாரி முன் நின்று, "அந்த நாற்காலியம்மா எழுதினது ஒண்ணு குடு, வழியில பார்க்கிறேன்" என்று ஒரு புத்தகத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். தம்பி ஆச்சரியத்தில் பெட்டியைத் தூக்கவே மறந்து நின்றார்.

புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் நாத்தனாரின் போன். வார்டிலிருந்துதான் பேசினார், குரலில் கோபம். "ஏம்மா, நானூறு பேர் போற கப்பல். மூணாவது அத்தியாயத்துலயே இருந்த ஒரே டாக்டரையும் கொன்னுட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு பிரசவம் நடக்குது. யாரு பார்த்தா? நர்ஸுன்னு ஒரு ஜென்மம் அந்தக் கப்பல்ல கிடையாதா? அந்தம்மாகிட்ட நான் கேட்டேன்னு கேளு."

சார்ட்டக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, 'இதனால் தங்கள் மேலான கவனத்துக்கு' என்று தொடங்கி அன்றைக்கே எழுதிப் போட்டாள். பதில் மூன்று நாளில் வந்தது. இந்தக் குறையை முப்பது வருஷமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை, இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையிலும் ஒரு பிரசவம் வருகிறது, உங்கள் அண்ணியின் தொலைபேசி எண் கிடைக்குமா என்று கேட்டிருந்தார் அம்மாள்.